ஊர் நோட்டு

என் கைப்பையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி. ஊர்ப் பெயர், தேதி, தலைப்பு, நான் எந்த அணி, என்னென்ன கதை சொன்னேன், எந்த இடத்தில் சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பதினெட்டு வருடமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன், இது ஆறாவது நோட்டு. "பேச்சையே தொழிலா எடுத்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் காட்டுவேன். குரலும் உச்சரிப்பும் மேற்கோளும் கல்லூரிப் பேச்சுப் போட்டியிலேயே கைவந்துவிடும். ஒரு ஊருக்கு முதல் தடவை போக அது போதும். அதே ஊரிலிருந்து இரண்டாம் தடவை போன் வரவேண்டுமே, சோறு போடுவது அந்தப் போன்தான்.

நோட்டு போட ஆரம்பித்ததே ஒரு அவமானத்தில்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம், பங்குனித் திருவிழா. வழக்கமான தலைப்புதான்: குடும்பத்தைக் கட்டிக் காப்பது மாமியாரா மருமகளா. மாமியார், மருமகள், மகன் மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ரசத்தில் உப்புப் போட்ட கதையை எடுத்தேன். போன இடமெல்லாம் எடுபட்ட கதை. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்கிறார் என்று சொல்லி, வழக்கம்போல ஒரு மூச்சு நிறுத்தினேன். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏண்டி, கடல்லேர்ந்து நேரா மோந்துட்டு வந்தியா?" என்று சத்தமாக முடித்துவிட்டது. பந்தலே சிரித்தது. பக்கத்தில் இருந்தவளிடம், "போன வருசமும் இந்தப் புள்ள இதத்தாண்டி சொன்னுச்சு" என்று வேறு. "அப்பத்தா மறக்காம இருக்கான்னு பாக்கத்தான் நிறுத்துனேன்" என்று சமாளித்தேன், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் கவரைக் கொடுத்த விழாக்குழுக்காரர் முகத்தில் சிரிப்பில்லை. அந்த ஊர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். ராத்திரி பேசுவதை யாராவது போனில் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், மறுநாள் போகிற ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். ஒரு துணுக்குக்கு ஆயுசு ஒரு வாரம்கூட இல்லை. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இறங்கிவிடுவேன். டீக்கடையில் உட்கார்ந்தால், கண்மாய் நிறைந்ததா, எந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை எல்லாம் தெரிந்துவிடும். அதை ஒரு கதைக்குள் கோத்துவிட்டால் அந்த ஊருக்கு மட்டுமே சொந்தமான பேச்சு. "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று மணிமேகலை சொல்கிறது. சமயவாதிகளுக்குச் சொன்னதுதான், நான் டீக்கடைக்கும் சேர்த்துப் பொருள் கொள்கிறேன். (தமிழ் டீச்சர் புத்தி போகாது.)

எல்லா மேடைக்கும் இந்தப் பாடம் பொருந்தாது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்துக்கு, மாணவியாக இருந்தபோது கேட்கப் போயிருக்கிறேன். பேச்சாளர் பாட்டின் முதல் சீரைத் தொடுவதற்குள் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மிச்சத்தை முணுமுணுத்து முடித்துவிடுவார். அங்கே உப்புக் கதையெல்லாம் வேகாது.

பணத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் விழாக்குழு நடுவரிடம் மொத்தமாகப் பேசி முடித்துவிடும், அவர் எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேரடியாகக் கூப்பிட்டவர்களிடம் ஆரம்பத்தில் "பாத்துக் குடுங்கய்யா" என்று சொல்லித் தொலைத்தேன். ஒருமுறை திரும்பும்போது காரில் கவரைப் பிரித்தால், கார் வாடகைக்கே முந்நூறு ரூபாய் குறைந்தது. மடியில் நாலு பொன்னாடை. அதைத் துவைக்கவும் முடியாது, கட்டவும் முடியாது, தலையணை உறை தைத்தால் ஜரிகை கன்னத்தைக் கீறும். இப்போதெல்லாம் தேதி குறிப்பதற்கு முன்பே கார் தனி, சம்பளம் தனி என்று சொல்லிவிடுகிறேன். கூச்சம் எனக்குத்தான் இருந்தது. மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பேரம் பேசிவிட்டு வந்தவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அடுத்தது நேரம். ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். வரவேற்புரை, நன்கொடையாளர்களுக்கு மரியாதை, நடுவர் முன்னுரை எல்லாம் முடிய எட்டே முக்கால். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருட ஒலி மாசு விதி இருக்கிறது, ஒன்பதரைக்கே ஒரு ஏட்டு வந்து மேடைக்குப் பக்கத்தில் நிற்பார். கடைசிப் பேச்சாளருக்குச் சொன்ன பன்னிரண்டு நிமிடம் ஐந்தாகிவிடும். அந்தக் கடைசி ஆள் பல வருடம் நான்தான். அதனால் ஒவ்வொரு வாதத்தையும் பன்னிரண்டு, ஏழு, நாலு நிமிடம் என்று மூன்று அளவில் வைத்திருக்கிறேன், ரவிக்கைத் துணி வெட்டி வைப்பது மாதிரி. துண்டுச் சீட்டு வந்ததும் சிரித்த முகமாக முடித்துவிட்டு உட்காருகிறவளை விழாக்குழு மறக்காது.

வேலையை மட்டும் விடவேண்டாம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது, பங்குனி, சித்திரையில் குறித்து வைத்திருந்த இருபத்து மூன்று தேதியையும் ஒரே ராத்திரியில் அடித்தேன். முழுநேரமாகப் பேச்சையே நம்பியிருந்த சகாக்கள் சிலர் அந்த வருடம் என்ன பாடு பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், பாதியாக என்றாலும், வந்துகொண்டிருந்தது.

நாளை மணப்பாறைப் பக்கம் ஒரு ஊர், மூன்றாம் தடவை. சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். "கண்மாய்க் கதை சொல்லியாச்சு. பெண்கள் கூட்டம் அதிகம். எக்கோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லணும். மைக் செட் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு வேண்டாம், மிக்சர் வாங்கிப் போகவும்."