‘முன்ன மாதிரி இல்ல மேடம்’

தலையில் அடிபட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நினைவாற்றல், கவனம் எல்லாம் சோதித்துப் பார்த்தால் சில பேருக்கு மதிப்பெண் நன்றாகவே வந்துவிடும். நூறிலிருந்து ஏழு ஏழாகத் தடுமாறாமல் கழிப்பார்கள். மனைவியிடம் கேட்டால் கதையே வேறு. “எழவு வீட்டுல போய் பந்தி எப்போன்னு கேக்குறாரு மேடம். முன்ன மாதிரி இல்ல.” பைக் விபத்துகளில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் அடிப்பகுதி, மண்டையோட்டின் கரடுமுரடான தரையில் மோதி அடிக்கடி காயம் படுகிறது. இடம் பொருள் பார்த்துப் பேசும் பக்குவத்துக்கு அந்தப் பகுதி வேண்டும்.

வீட்டாரிடம் தனியாகத்தான் பேசுவேன். அடிபட்டவரை வைத்துக்கொண்டு கேட்டால் “பரவால்ல மேடம்” என்பதோடு சரி.

அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் இந்தத் திறனை அளக்கும் சோதனைகளில்தான் சிக்கல். பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழு 2001இல் திருத்தி வெளியிட்ட கண் சோதனையில் 36 படங்கள். கண்களை மட்டும் பார்த்து, அவர் மனநிலைக்கு நான்கு சொற்களில் எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். எல்லாம் வெள்ளைக்காரக் கண்கள். அந்தச் சொற்களைத் தமிழில் போட்டால் அடிபடாதவரே முழிப்பார். ஆஸ்திரேலியாவில் ஸ்கை மெக்டொனால்ட் உருவாக்கிய டாசிட் என்ற வீடியோ சோதனை எனக்குப் பிடிக்கும். ஒரே வசனத்தை நடிகர்கள் மனதாரவும் பேசுவார்கள், கிண்டலாகவும் பேசுவார்கள். ஆனால் அந்த ஆங்கில இழுப்பு நம்மூர்க் காதில் ஏறாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோக்ராடிஸ் என்ற சோதனை இந்தியச் சூழலுக்கென்றே அமைந்தது. அதைச் சரிபார்த்தது மனச்சிதைவு நோயாளிகளிடம், விபத்தில் அடிபட்டவர்களிடம் அல்ல.

அதனால் முறையான சோதனையோடு நம்மூர்ச் சம்பவங்கள் சிலவற்றையும் சொல்லிக் கேட்பேன். தாமதமாக வந்தவரிடம் மேலாளர், “வாங்க சார், இப்பதான் விடிஞ்சுதா?” என்கிறார். ஏன் அப்படிக் கேட்டார்? ஒருவர் ரொம்ப யோசித்துவிட்டு, “ஆறு மணிக்கே விடிஞ்சிருமே, அவருக்குத் தெரியாதா?” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யார் தாமதமாக வந்தது என்று கேட்டேன். அதைச் சரியாகச் சொன்னார். ஆக, கதை மறக்கவில்லை, குத்தல்தான் உறைக்கவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், வெறும் மறதியைக்கூட இந்தக் கணக்கில் எழுதிவிடுவோம்.

இவற்றுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. சொன்ன பதிலை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவேன். வேலைக்குத் திரும்புகிறவரின் மேலதிகாரிக்கு எண்ணைவிட அந்தப் பதில்தான் விளங்குகிறது.

அந்த ‘ஆறு மணி’ பதில் சொன்னவரின் மனைவியிடம், “ஜாடையா பேசாதீங்கம்மா, கோபம்னா கோபம்னே சொல்லிடுங்க” என்றேன். “அதையும் வாய்விட்டுச் சொல்லணுமா?” என்று அவர் எரிச்சல்பட்டது நியாயம்தான்.