பைத்தானிலிருந்து கோ மொழிக்கு: ஒரு சாப்பாட்டு ரசீது போதும்

பல வருஷம் பைத்தானில் புரோகிராம் எழுதியவருக்கு கோ (Go) என்ற புரோகிராம் மொழியின் இலக்கணம் இரண்டு மாலையில் பிடிபட்டுவிடும். பழைய மொழி மாதிரியே தோன்றி வேறு வேலை செய்யும் இடங்கள்தான் காலை வாரும். அவற்றைப் பிடிக்க, விடை முன்பே தெரிந்த சின்னக் கணக்கு ஒன்றை எழுதிப் பாருங்கள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ரசீதையே எடுத்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டினால் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிசெய்வது மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. 12 வெள்ளி 42 காசு என்றால் 12.40, 12.43 என்றால் 12.45. ஃப்ளோட் (புள்ளி வைத்த தசம எண் வகை) வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் காசாக, முழு எண்ணில் வையுங்கள். 1243-உடன் 2 கூட்டி, 5-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டு, 5-ஆல் பெருக்கினால் 1245. இரண்டு மொழியிலும் சரியாக வரும்.

இப்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம்: -1243. இரண்டு கூட்டினால் -1241. பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் கீழே இறங்கி -249 தரும்; பெருக்கினால் -1245. கோ பின்னத்தை வெட்டிவிட்டு -248-இல் நின்றுவிடும், விடை -1240. பிழைச்செய்தி வராது, கல்லாக் கணக்கில் ஐந்து காசு இடிக்கும். ஜாவாவும் ரஸ்டும் இப்படித்தான். கழித்தல் குறியை எடுத்துவிட்டுக் கணக்கிட்டு, கடைசியில் திரும்பச் சேருங்கள். டெஸ்டில் 1240 முதல் 1249 வரை பத்து எண்கள், அவற்றின் கழித்தல் வடிவம் பத்து, ஆக இருபதையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பண்டத்தின் பெயர். ‘தோசை’ நமக்கு இரண்டு எழுத்து. நீளம் சொல்லும் ‘லென்’ பைத்தானில் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 4 என்கிறது, கோவின் ‘லென்’ 12 என்கிறது, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது, இங்கே குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ரசீது அகலத்துக்காகப் பத்து பைட்டில் வெட்டினால் ‘தோச’வுக்குப் பின்னால் உடைந்த பைட் ஒன்று ஒட்டிக்கொண்டு கேள்விக்குறிப் பெட்டியாக அச்சாகும். ‘ரூன்’ (கோவில் ஒரு யூனிகோடு குறி) ஸ்லைஸாக, அதாவது குறிகளின் வரிசையாக மாற்றினால் 4 கிடைக்கும். அப்போதும் ‘சை’யின் ஐகாரம் தனியாகக் கழன்றுவிடலாம். ஸ்விஃப்ட் மொழியின் ‘கவுண்ட்’ நேராக 2 சொல்லும். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தால் இது எதுவுமே வெளியே தெரியாது.

இன்னொரு இடம் மேப், பைத்தானின் டிக்ஷனரி மாதிரி. கோவில் ‘மேக்’ போட்டு உருவாக்காமல் வெறுமனே அறிவித்த மேப்பிலிருந்து படிக்கலாம், எழுதினால் புரோகிராம் பேனிக் (பிழையோடு முறிவது) ஆகி நின்றுவிடும்.

லூப் மாறியை ஃபங்ஷனுக்குள் பிடித்து வைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் பழைய பதில்களை அப்படியே நம்ப வேண்டாம். முன்பு எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறி; 2024-இல் வந்த கோ 1.22 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி. ஆனால் கம்பைலர் புதிதாக இருந்தாலும், புராஜெக்ட்டின் மொழிப் பதிப்பைச் சொல்லும் ‘கோ.மோட்’ கோப்பில் 1.21 என்று இருந்தால் பழைய நடத்தைதான்.