ஐப்பசி மழையும் ரத்தக் கழிச்சலும்

கொல்லையில் கோழி வளர்க்கிறவர்கள் வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) பயப்படுகிற அளவுக்கு ரத்தக் கழிச்சலுக்குப் பயப்படுவதில்லை. வெள்ளைக் கழிச்சல் வந்தால் பெட்டை, சேவல் எல்லாம் சேர்ந்து போகும், ஊரே பேசும். ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளோடு முடிந்துவிடும். "இந்தத் தடவை குஞ்சு நிக்கலை" என்பதோடு பேச்சும் முடிந்துவிடும். போன ஐப்பசியில் எங்கள் தோட்டத்தில் அது வந்தபோது என்ன செய்தோம், அடுத்த முறை வராமல் இருக்க எதை மாற்றினோம் என்று எழுதுகிறேன். மருந்து கொடுப்பது சுலபம். தரையைக் காய வைப்பதுதான் பெரும்பாடு.

நாங்கள் இருப்பது கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டுக்குப் போக மீதியை விற்கிற அளவுக்குச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள் உண்டு. அப்போது அடைக்கோழி பொரித்த குஞ்சுகள் தாயோடு வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகளைப் பழைய மாட்டுக் கொட்டகையின் மூலையில் தகரம் வளைத்து, குண்டு பல்பு போட்டு விட்டிருந்தோம். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே வரைக்கும் அடித்தது. தண்ணீர்க் குடுவையைச் சுற்றி உமி நசநசவென்று கிடந்தது. மாற்றலாம் என்றால் ஊரில் காய்ந்த உமி எங்கேயும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது ரத்தம் இல்லை. சில குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து, ரெக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல்புக்கு அடியிலேயே நின்றன. தீவனத்தைக் கொட்டினால் மற்றவை ஓடி வரும், இவை திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் தண்ணீர் மட்டும் குடித்தன. மறுநாள் காலையில் உமியின் மேல் அங்கங்கே சிவப்பு. புதிதாக வளர்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கோழியே நாளைக்குச் சில தடவை பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, நாற்றமடிக்கிற எச்சம் போடும். அது குடலோடு பை மாதிரி ஒட்டியிருக்கும் குருட்டுக் குடலிலிருந்து வருவது, நோய் இல்லை. எப்போதாவது ஆரஞ்சு நிறத்தில் சவ்வு மாதிரி ஏதாவது தென்படுவதும் உண்டு. நான் பார்த்தது அப்படி இல்லை. சிவப்பாகப் புது ரத்தம், கூடவே வெளுத்துப்போன கொண்டை.

பக்கத்துத் தோட்டத்து அம்மிணியக்கா வந்து பார்த்துவிட்டு, "வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைச்சு உருட்டிக் குடு கண்ணு, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், சாதாரணக் கழிச்சலுக்கு நாங்களும் கொடுப்பதுதான். ஆனால் ரத்தம் கண்ட குஞ்சு அடுத்த நாளே சாகலாம். கைவைத்தியம் பலிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அன்று காலையில் செத்த குஞ்சு ஒன்றைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பினேன். செத்ததை எடுத்துப் போவதாக இருந்தால் சூட்டோடு சூடாகப் போய்விட வேண்டும். சாயங்காலம் வரை வைத்திருந்தால் குடல் அழுகிப்போய், அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "தீவனம் என்னங்க போடறீங்க?" என்பதுதான். மக்காச்சோளம், கம்பு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் நாங்களே அரைத்துப் போடுகிறோம் என்றேன். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் பலவற்றில் இந்த நோய்க்கான தடுப்பு மருந்து கலந்தே வருமாம், வீட்டுத் தீவனத்தில் அது இருக்காதே என்றார். சொல்லிக்கொண்டே வயிற்றைக் கீறினார். கோழிக்குக் குருட்டுக் குடல் இரண்டு. இரண்டுமே ஊதி, கருஞ்சிவப்பாக, உள்ளே முழுக்க ரத்தமாக இருந்தன. பார்த்ததுமே காக்சிடியோசிஸ் என்றார், நாம் ரத்தக் கழிச்சல் என்பதைத்தான்.

இதை உண்டாக்குவது எய்மீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. கோழியைத் தாக்குகிற எய்மீரியாவில் முக்கியமாக ஏழு வகை உண்டு. குருட்டுக் குடலில் புகுந்து இப்படி ரத்தம் கொட்ட வைப்பது டெனெல்லா. மற்ற சில வகைகளில் ரத்தமே வராது. தண்ணீராகக் கழியும், எடை ஏறாது, அவ்வளவுதான். எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். பார்க்கலாம், ஆனால் ரத்தம் வர ஆரம்பிக்கிற நேரத்தில் ஒட்டுண்ணி இன்னும் குடல் சுவருக்குள்ளேயே பெருகிக்கொண்டிருக்கும், அதன் முட்டைக்கூடு (ஒட்டுண்ணி கெட்டி ஓட்டுக்குள் வெளியே வரும் பருவம்) எச்சத்தில் வர இன்னும் ஓரிரு நாள் ஆகலாம் என்றார். அதனால் எச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

அவர் எழுதிக் கொடுத்தது அம்ப்ரோலியம், 20 சதவீதத் தூள். லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அதற்குப் பிறகு லிட்டருக்கு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம். நோய் வந்த குஞ்சு இரை எடுக்காது, தண்ணீர் குடிக்கும், அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் கலக்கிறார்கள். வேறு தண்ணீர் எதுவும் எட்டக் கூடாது, கூரையிலிருந்து சொட்டித் தேங்கும் மழைத் தண்ணீர் உட்பட. மழைக்காலத்தில் இதைப் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

இந்த மருந்துகளெல்லாம் பெரிய பண்ணைகளைக் கணக்குப் பண்ணி வருபவை. பொட்டலத்தில் இத்தனை நூறு லிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். நமக்கோ ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும். டீஸ்பூன் கணக்கு இதற்கு ஒத்துவராது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அதில் 6 கிராம் நிறுத்து ஐந்து லிட்டரில் கலக்கி, மீந்ததைச் சாயங்காலம் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கலக்கினேன். மருந்தின் வீரியம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும், ஆகவே என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் லேபிளைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டரம்மா அழுத்திச் சொன்ன இன்னொரு விஷயம், மருந்து முடிகிற வரைக்கும் பி-காம்ப்ளக்ஸ் டானிக் கொடுக்கக் கூடாது. அம்ப்ரோலியம் பார்ப்பதற்கு பி1 வைட்டமின் மாதிரியே இருக்கும். ஒட்டுண்ணி அதை பி1 என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். நாமே நிஜ பி1-ஐ ஊற்றிக் கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று நம்மில் பலர் முதலில் எடுப்பதே அந்த டானிக் பாட்டிலைத்தான். ரத்தப்போக்குக்கு வைட்டமின் கே மட்டும் சேர்த்துக் கொடுத்தார்.

மருந்து வாங்கப் போன கடையில் கேட்காமலேயே ஒரு ஆன்டிபயாடிக்கையும் எடுத்து வைத்தார்கள், "சேர்த்துக் குடுத்தா சீக்கிரம் நிக்கும்" என்று. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எய்மீரியாவை ஒன்றும் செய்யாது. டாக்டர் எழுதினால் ஒழிய அதற்குக் காசு கொடுக்காதீர்கள். சல்ஃபா மருந்துகள் இந்த நோய்க்குக் கேட்கும், ஆனால் அளவு மீறினால் அவையே ரத்தப்போக்கை உண்டாக்கும். இரண்டு நாளில் முடிகிற டோல்ட்ராசூரில் என்ற மருந்தும் உண்டு. முட்டையிடும் கோழிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

ரொம்பச் சோர்ந்துபோன குஞ்சுகளைத் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் விட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வேகமாக விட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அப்படியும் சில செத்தன. குடல் சுவர் கிழிந்துபோன பிறகு மருந்து என்ன செய்யும்? ஆனால் அதுவரை நன்றாக இருந்தவற்றில் நோய் அதற்கு மேல் பரவவில்லை. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே ரத்தம் நின்றுவிட்டது. ரத்தம் நின்றதே என்று அங்கேயே மருந்தை நிறுத்திவிடத் தோன்றும், நிறுத்தக் கூடாது.

இனி தரைக்கு வருகிறேன். எச்சத்தில் விழுகிற முட்டைக்கூடு உடனே நோயைக் கொடுக்காது. ஈரம், கதகதப்பு, காற்று மூன்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் முற்றின பிறகுதான் அது அடுத்த குஞ்சைத் தொற்றும். குஞ்சு அதைக் கொத்தித் தின்றால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒன்று ஆயிரக்கணக்காகி வெளியே வரும். நாம் கை வைக்க முடிகிற இடம் அந்த ஒன்றிரண்டு நாள்தான். உமி காய்ந்திருந்தால் முட்டைக்கூடு முற்றாது.

அதனால் பழைய உமி முழுவதையும் சாக்கில் அள்ளி, கோழி கிளறாத இடத்தில் குழி வெட்டி மூடினோம். பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் இந்த முட்டைக்கூட்டின் ஓட்டைத் துளைக்காது. சூடுதான் கொல்லும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவி, தரை காய்ந்த பிறகு பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் மாமாவிடம் தீ கக்கும் ஃபிளேம் கன் இரவல் வாங்கித் தரையிலும் சுவர் ஓரத்திலும் தீ காட்டி எடுத்தோம். ஓலைக் கூரை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எங்களுடையது ஓடு, இருந்தாலும் பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டுதான் செய்தோம்.

புதிதாகப் போட்டது நிலக்கடலைத் தோலும் உமியும் கலந்து, மூன்று விரற்கடை உயரம். தினமும் காலையில் கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தித் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். குடுவையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் வாளியில், கொத்தினால் மட்டும் தண்ணீர் விடும் நிப்பிள் மாட்டி, அதற்கு அடியில் கம்பி வலைப் பலகை வைத்தோம். சிந்துவது வலைக்குக் கீழே போய்விடும், குஞ்சின் கால் அங்கே படாது. தீவனத் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றினோம், இல்லாவிட்டால் ஏறி நின்று அதிலேயே எச்சம் போடும். சாரலுக்குத் தார்ப்பாய் கட்டினோம், ஆனால் மேலே காற்றுப் போக இடம் விட்டு.

இவ்வளவும் நடந்தபோது தாயோடு மேய்ந்த குஞ்சுகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. வலுவான சாதி என்று அக்கா சொன்னார். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. வெளியே மேய்கிற குஞ்சும் எய்மீரியாவைத் தின்னத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. அதில் உடம்புக்கு எதிர்ப்பு வந்துவிடும். ராத்திரி அவற்றின் மேல் கவிழ்க்கிற கூடையை, அதாவது கொடாப்பை, அம்மா தினமும் இடம் மாற்றித்தான் வைப்பார். முந்தைய நாள் எச்சம் முற்றுகிற நேரத்தில் குஞ்சுகள் அங்கே இருக்காது. தகரத்துக்குள் அடைந்து கிடந்தவை ஒரேயடியாக அள்ளித் தின்றுவிட்டன.

ஆகவே அடுத்த பேட்சில் ஒரு முட்டைக்கூடுகூட இல்லாமல் செய்ய வேண்டும் என்று நாங்கள் மெனக்கெடவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை, பெரிய கோழிகள் நோய் தெரியாமலே சுமந்துகொண்டு திரியும். பெரிய கோழிகளுக்கும் குஞ்சுக் கொட்டகைக்கும் செருப்பைத் தனியாக்கினோம். வெவ்வேறு வயதுக் குஞ்சுகளை ஒன்றாக விடுவதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை காலையில் முதல் வேலை எச்சத்தைப் பார்ப்பது. தடுப்பு மருந்து கலந்த தீவனம் வாங்கலாமா என்று யோசித்தோம். நெருக்கமாக அடைத்து வளர்ப்பவர்களுக்கு அது தேவைதான். வாங்கினால் பையில் என்ன மருந்து என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாலினோமைசின், மோனென்சின் கலந்த தீவனம் சாப்பிடும் கோழிக்கு சளிக்குக் கொடுக்கிற டியாமுலின் சேர்ந்தால் விஷமாகிவிடும். தடுப்பூசியும் இருக்கிறது, ஆனால் எங்களைப் போன்ற கொல்லை வளர்ப்புக்கு அது வந்து சேருவதில்லை.

தை மாதத்தில் வந்த பேட்சில் நாலாம் வாரம் லேசாகக் கழிந்தது. எச்சத்தை எடுத்துப் போனேன். டாக்டரம்மா உப்புக் கரைசலில் மிதக்க விட்டுப் பார்த்து, முட்டைக்கூடு கொஞ்சம்தான் இருக்கிறது, இரை எடுக்கிறதா என்றார். எடுக்கிறது என்றேன். மருந்து வேண்டாம், உமியை மட்டும் மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஐப்பசியில் பிழைத்தவற்றில் சில இன்னும் எடை ஏறாமல்தான் இருக்கின்றன. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை அவற்றுக்குத் தேறிய பிறகே போடச் சொன்னார். மாசியில் ஊருக்கு முகாம் வந்தபோது மற்ற கோழிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டோம்.