மூடிக்குள் கிடந்த ஆன்டெனா

ஜனவரி 5, 2025, ஞாயிறு, கேத்தி

உறைபனி உருகி வெயில் ஏறிய பிறகு, பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டிலிருந்து, ரேடியோவால் இயக்கும் என் மாதிரிக் கிளைடரைப் பறக்கவிட்டேன். கற்பூர மரங்களின் ஓரத்தை அது கடந்தபோது கட்டுப்பாடு அறுந்து, மோட்டார் தானாக நின்று, கீழேயிருந்த கேரட் தோட்டத்தில் சரிந்து விழுந்தது. மூக்கில் ஒரு விரிசல்தான் சேதம். தோட்டக்காரரிடம் வாங்கிய ஏச்சு அதைவிடப் பெரிது. நூறு மீட்டர்கூட இல்லாத தூரத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அறுபடக் கூடாது. மூடுபனிமீது பழிபோடவும் வழியில்லை: வானம் தெளிவாக இருந்தது, இந்த அலைவரிசையைப் பனித்துளிகள் பெரிதாக உறிஞ்சுவதுமில்லை.

மாலையில் விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வைத்து, கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனுக்கு மாற்றி, கட்டுப்பாடு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று நடந்து பார்க்கும் ரேஞ்ச் டெஸ்ட் செய்தேன். முப்பது அடி எடுத்து வைக்கும் வரையாவது தாங்க வேண்டிய சர்வோக்கள் (விமானத்தின் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) பதினான்காவது அடியிலேயே நடுங்கத் தொடங்கின.

ஜனவரி 7, செவ்வாய்

பேட்டரியைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரின் பின்மூடியைத் திறந்தேன். ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நூல்போன்ற கோஆக்ஸ் கம்பி (உள்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் போட்டது) ரேடியோ போர்டிலிருந்து கிளம்பி, சுவிட்சுகளின் உலோக உடல்களுக்குப் பின்னால் வளைந்து, மேல்மூடியின் உட்புறத்தில் இரண்டு சொட்டுப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலுறைப் பின்னல் நீக்கப்பட்ட கடைசி 31 மில்லிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா. மீதியெல்லாம் வெறும் வழி. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 125 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு அது. அந்தக் கால் பங்கு ஒரு சுவிட்சின் உலோகத்தை உரசிக்கொண்டு கிடந்தால் ஒத்திசைவு கெடாமல் என்ன செய்யும்? வெளியே துருத்தாமல் அழகாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்மீது கோபம்தான் வந்தது.

மலையையே ஆன்டெனாவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தவர்களும் இந்த ஊர்ப்பக்கம் இருந்தார்கள். முத்தோரையில் 1970-இல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது; அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைவதற்காக, இவ்விடத்தின் அட்சரேகை அளவுக்கே, அதாவது சுமார் 11 பாகை சாய்ந்த சரிவில் அதைப் படுக்க வைத்தார்கள்.

ஜனவரி 11, சனி

ஆன்டெனாவை வெளியே கொண்டுவர, மேல்மூடியில் 6.5 மில்லிமீட்டர் துளையிட்டு, தபாலில் வந்த இணைப்புக் கம்பியின் திருகு முனையை அதில் பொருத்தினேன். ரேடியோ போர்டில் மாட்டும் மறுமுனை ரவிக்கையின் பிரஸ் பட்டனைவிடச் சிறியது. நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கும். பழைய வைஃபை ரவுட்டரின் ஆன்டெனாவை வெளியே திருகினேன். மரை கச்சிதமாகப் பிடித்தது. ரேஞ்ச் டெஸ்டில் ஆறே அடி. பழையதைவிட மோசம்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் நெரிசலுக்கு நடுவே, குன்னூரில் செல்போன் பழுதுபார்க்கும் தம்பியிடம் காட்டினேன். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, ரெண்டு பக்கமும் ஓட்டைதான் இருக்கு. நடுவுல ஊசி மாதிரி பின்னே இல்லையே, எப்படித் தொடும்?" என்றார். ரவுட்டர்களில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இணைப்பு வகை. நான் வாங்கிய கம்பி சாதாரண எஸ்எம்ஏ. மரை ஒன்றாக இருந்தாலும் நடுவிலுள்ள பின்னும் துளையும் இடம் மாறியிருக்கும். ஆக, நேற்று நான் ஆன்டெனாவே இல்லாமல் ஒலிபரப்பியிருக்கிறேன். முழுத் திறனில் அப்படி ஓட்டியிருந்தால், வெளியேற முடியாத ஆற்றல் திரும்பி வந்து பெருக்கியைப் பொசுக்கியிருக்கக்கூடும். பழுதான வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஒன்றிலிருந்து சரியான கம்பியைக் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜனவரி 15, புதன்

அந்தக் கம்பியைப் பொருத்திய பிறகு ரேஞ்ச் டெஸ்டில் முப்பத்தாறு அடி. 5 டிபிஐ ஆன்டெனாவும் (டிபிஐ என்பது கெயினின், அதாவது ஆன்டெனா அலையைக் குவிக்கும் திறனின் அளவு) என்னிடம் இருக்கிறது, ஆனால் போடவில்லை. அதிக கெயின் என்றால் அலை தட்டையாகப் பரவும். சரிவில் விமானம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போகும்போது அதுவே குறையாகிவிடும். 2 டிபிஐ போதும். நுனியை விமானத்தை நோக்கி நீட்டினால் அந்தத் திசையில்தான் சமிக்ஞை மிகக் குறைவு என்பதால், ஆன்டெனாவைப் பக்கவாட்டில் மடித்து வைத்துக்கொண்டேன். மதியம் அதே கற்பூர மரங்களைத் தாண்டி நான்கு சுற்று வந்தது. இந்த முறை தோட்டக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.