கிருஷ்ணகிரி வீட்டைக் கொடுத்து கொச்சி வீட்டில் தங்கினோம்

விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: கிருஷ்ணகிரிக்கு யார் வருவார்கள்? ஊருக்குள் ரயில்கூடக் கிடையாது.

ஏற்பாடு எளிது. நாம் அவர்கள் வீட்டில், அவர்கள் நம் வீட்டில், வாடகை இல்லை. ஐரோப்பாவில் ஆசிரியர்கள் சிலர் 1953-லேயே இன்டர்வாக் என்ற பெயரில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் ஆசிரியை என்பதால் அதைப் படித்ததும் தைரியம் வந்தது. நாங்கள் சேர்ந்தது 1992-ல் தொடங்கிய ஹோம்எக்ஸ்சேஞ்ச் என்ற வீடு மாற்றும் நிறுவனத்தின் இணையதளத்தில். அங்கே ஒரே சமயத்தில்தான் மாற வேண்டும் என்றில்லை. நம் வீட்டில் ஒருவர் தங்கினால் புள்ளிகள் கிடைக்கும், அதை வைத்துப் பிறகு வேறொருவர் வீட்டில் தங்கலாம்.

வீட்டைப் பற்றி எழுதும்போது, பெங்களூரு பக்கம் என்பதை மட்டும் நம்பாமல் நாங்களே ஆசையாகப் போகும் இடங்களை எழுதினேன். கே.ஆர்.பி. அணை, அங்கே சுடச்சுடக் கிடைக்கும் மீன் வறுவல், மே மாதச் செந்தூரா மாம்பழம், தருமபுரி வழியாகப் போனால் ஒகேனக்கல் பரிசல். கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் மாம்பழத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டது.

அத்தைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "முன்பின் தெரியாதவங்க கையில சாவியா?" என்றார். வீடியோவில் பேச வைத்தோம். அந்த வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் தெரியும். ஊறுகாயில் ஆரம்பித்த பேச்சு சமையலறைக்கு வந்ததும், அத்தை தன் கவலையைச் சொல்லிவிட்டார்: "என் பாத்திரத்துல கவுச்சி வேண்டாம்." அவர் சைவம். சரி, அதற்கென்ன என்று பாட்டி உடனே ஒப்புக்கொண்டார். மீன் சமைக்கத் தனிச் சட்டி, கரண்டி எல்லாம் எடுத்துக் கீழ்த்தட்டில் அடுக்கினோம். அத்தையின் பாத்திரங்களும் நகையும் பத்திரங்களும் ஒரே அறையில், பூட்டிவிட்டோம்.

அப்புறம் வீட்டுக் குறிப்பு. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது, ஆகவும் வேண்டும். நமக்குப் பழகிப்போன எதுவும் வருகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆகவே குடிக்க, சமைக்க எந்தக் குழாய், குளிக்க எந்தக் குழாய் என்று இரண்டின் மேலும் காகிதம் ஒட்டினேன். மோட்டார் ஸ்விட்ச், இன்வெர்ட்டர், சிலிண்டர் மாற்றுவது, பால்காரர் வரும் நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுத, மகன் படம் எடுத்து அனுப்பினான்.

கரண்ட் பில் அவரவர் வீட்டுக்கு அவரவர், எது உடைந்தாலும் மறைக்காமல் சொல்வது, வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம் நாங்கள் தருவது என்று பேசியதை வாட்ஸ்அப்பிலும் எழுதி வைத்துக்கொண்டோம். சாவி பக்கத்து வீட்டில். சேலத்திலிருந்து கொச்சி வரை தேசிய நெடுஞ்சாலை 544 என்பதால் இரண்டு குடும்பமும் காரிலேயே போய் வந்தோம். அங்கேயும் ஃப்ரிட்ஜ் கதவில் இதே போல ஒரு குறிப்பு எங்களுக்காக ஒட்டியிருந்தது.

முதல் முறை இப்படி காரில் போகும் தூரத்திலேயே பாருங்கள். ஏதாவது சரிவரவில்லை என்றால் திரும்பிவிடலாம். வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும். அதனால் அவர்களோடு தேதி பேசும்போதே பாஸ்போர்ட், விசா நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.