விசாவில் உள்ள அந்த ஒரு வரி ஃபுட் பேங்கைத் தடுக்காது

லண்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து, மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கே இழுபறியாகி, ஃபுட் பேங்க் (கஷ்டத்தில் உள்ளவர்களுக்கு இலவசமாக மளிகை தரும் இடம்) போன்ற உதவி கேட்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "உங்க விசாவுல 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்'னு (அரசு உதவி பெற முடியாது என்று) போட்டிருக்கே, உங்களுக்கு இதெல்லாம் கிடையாது." எனக்கு இதைச் சொன்னவர் ஓர் ஆலோசனை மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவர். உள்ளே இருந்த ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. அவர் சொன்னது தவறு என்பதால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு பதிலை நம்பி ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஓட்டுகிற பிள்ளைகள் இங்கே நிறைய.

பப்ளிக் ஃபண்ட்ஸ் என்பது குடிவரவு விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட அரசு உதவிகள் மட்டுமே: யுனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், சைல்டு பெனிஃபிட் போன்றவை. ஃபுட் பேங்க் அறக்கட்டளை நடத்துவது. பல்கலைக்கழகத்தின் ஹார்ட்ஷிப் ஃபண்ட் (பண நெருக்கடியில் உள்ள மாணவர்களுக்குத் தரும் நிதி) அவர்கள் சொந்தப் பணம். இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யூ.கே.சி.ஐ.எஸ்.ஏ. அமைப்பின் தளத்தில் இந்தப் பட்டியல் தெளிவாக இருக்கிறது. போனில் திறந்து வைத்துக்கொண்டு மேசைக்குப் போங்கள், வாதம் சீக்கிரம் முடியும்.

உண்மையாகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம். கவுன்சில் தன் விருப்பப்படி தரும் நெருக்கடி உதவித்தொகை பட்டியலுக்குள் வரக்கூடியது. மாணவர் யுனியனில் உள்ள ஆலோசகரைக் கேட்காமல் அதற்கு விண்ணப்பிக்கவே கூடாது. வீட்டுக்குக் கவுன்சில் விதிக்கும் கவுன்சில் டாக்ஸிலும் இப்படி ஒரு பொறி உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அந்த வரியே இல்லை, அதற்குக் கேட்க வேண்டியது 'ஸ்டூடண்ட் எக்ஸெம்ப்ஷன்'. கவுன்சிலின் அதே தளத்தில் 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' என்று இன்னொரு படிவம் இருக்கும். அது பப்ளிக் ஃபண்ட்ஸ். அவசரத்தில் அதை நிரப்பிவிடாதீர்கள்.

இனி வவுச்சர். ட்ரஸ்ஸல் என்ற அறக்கட்டளை அமைப்பின் ஃபுட் பேங்குகளில் நேராகப் போய் நின்றால் பொதுவாகப் பை கிடைக்காது. யாராவது பரிந்துரைத்து வவுச்சர் எண் தர வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை மையம்), ஜி.பி. (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்), பல்கலைக்கழகத்தின் ஸ்டூடண்ட் சப்போர்ட், யுனியனின் ஆலோசனைப் பிரிவு இவற்றில் ஏதாவது ஒன்று. "பணக் கஷ்டம்" என்று பொதுவாகப் பேச்சைத் தொடங்கினால் பட்ஜெட் போடும் கையேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "நீங்கள் ஃபுட் பேங்க் ரெஃபரல் ஏஜென்சியா, இன்றே வவுச்சர் போட முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் அருகில் யார் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழ வேண்டும். பரிந்துரை கேட்காத தனி ஃபுட் பேங்குகளும் உண்டு. ஆனால் பல இடங்களில் வாரத்தில் ஓரிரு நாள், இரண்டு மணி நேரம்தான் கதவு திறந்திருக்கும். கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

வவுச்சர் போடும்போதே மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், சைவமா அசைவமா, சமைக்க அடுப்பு இருக்கிறதா. கெட்டில் மட்டும் உள்ள அறை என்றால் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பொருள்களாகவே கட்டித் தருகிற இடங்கள் இருக்கின்றன, சொன்னால்தான் கிடைக்கும். பை என்பது ஒருவருக்கு மூன்று நாள் கணக்கு: சீரியல், பாஸ்தா, அரிசி, டின் தக்காளி, பேக்டு பீன்ஸ், கொண்டைக்கடலை அல்லது ராஜ்மா டின், சூப், பிஸ்கட், டீ, நீண்டநாள் பால். எடை தோளை அறுக்கும், முதுகுப்பை கொண்டு போங்கள். சைவம் என்றால் சூப் டின்னில் மாட்டிறைச்சி இருக்கிறதா, ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து மாற்றிக்கொள்ளலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை, இளஞ்சூடாக்கி ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் நன்றாகத் தோயும். கடலை டின்னும் தக்காளி டின்னும் கொஞ்சம் சாம்பார்ப் பொடியும் இருந்தால் இரண்டு நாள் குழம்பு.

சமைத்த சாப்பாட்டுக்குப் பெரிய சிக்கலே இல்லை. சோவாஸ், எல்.எஸ்.இ. கல்லூரிகள் பக்கம் கல்லூரி நாட்களில் மதியம் ஹரே கிருஷ்ணா வண்டி வரும், டப்பா எடுத்துப் போங்கள். சவுத்தால் குரு நானக் ரோடு (முன்பு ஹேவ்லாக் ரோடு) குருத்வாராவில் லங்கர் என்ற இலவசச் சாப்பாடு உண்டு. தலையை மூடி, செருப்பைக் கழற்றி, சாப்பிட முடிவதை மட்டும் வாங்க வேண்டும். யாரும் விசா கேட்பதில்லை.

ஹார்ட்ஷிப் ஃபண்டில்தான் உயிர் போகும். விசாவுக்கே நீங்கள் செலவுக்குப் பணம் காட்டியிருப்பீர்கள். 2025 ஜனவரி முதல் நவம்பர் வரை லண்டனுக்கு அது மாதம் 1,483 பவுண்டாக இருந்தது, பிறகு உயர்ந்துவிட்டது; ஒன்பது மாதம் வரை காட்ட வேண்டும். ஆகவே "செலவு அதிகம்" என்று எழுதினால் நிராகரிப்புதான். எதிர்பாராமல் எது மாறியது என்பதைக் காகிதத்தோடு காட்ட வேண்டும்: வேலை நேரம் குறைந்த பே ஸ்லிப், கல்விக் கடனின் அடுத்த தவணை நின்றதாக வங்கி அனுப்பிய கடிதம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் பில். கல்விக் கட்டண பாக்கிக்கு இந்த நிதியைப் பெரும்பாலும் தர மாட்டார்கள், அதைக் காரணமாக எழுத வேண்டாம்.

அடுத்தது ஸ்டேட்மென்ட். கடைசி மூன்று மாதம், உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்கும்: மான்ஸோ, ரெவலூட், வைஸ், ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கு உட்பட. ஸ்க்ரீன்ஷாட் கூடாது, பெயரும் கணக்கு எண்ணும் உள்ள பி.டி.எஃப். வேண்டும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன தொகை தெரிந்து, அந்த இரண்டாவது கணக்கின் ஸ்டேட்மென்ட் இல்லையென்றால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். என் விண்ணப்பமும் திரும்பி வந்தது, காரணம் கரண்ட் பில். வீட்டில் எல்லோருடைய பங்கும் என் கணக்குக்கு வந்துதான் பில் கட்டப்படும். விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் அந்தப் பணத்தை என் வருமானமாக எடுத்துக்கொண்டார். படிவத்தில் விளக்கம் எழுத ஓர் இடம்கூட இல்லை. பிறகு ஒரு தனிப் பக்கத்தில் தேதி, தொகை, யார் அனுப்பியது, எதற்காக என்று நான்கு கட்டங்களாக அட்டவணை போட்டு, பில்லையும் சேர்த்து அனுப்பிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள். முதல் தடவையே இந்தப் பக்கத்தை வைத்துவிடுங்கள். முடிவு வர நாளாகும், அதனால் விண்ணப்பிக்கும் அன்றே அவசர சூப்பர்மார்க்கெட் வவுச்சரும் கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது, அவர்களாகச் சொல்வதில்லை.

இந்த இடைவெளியில் கையில் காசு தருகிறேன் என்று யாராவது கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசாவில் 20 மணி நேரம் என்றிருந்தால், கல்லூரி நடக்கும் காலத்தில் அது திங்கள் முதல் ஞாயிறு வரையிலான கணக்கு. அடுத்த வாரம் குறைத்துச் சரிக்கட்ட முடியாது.

மருந்துச் செலவுக்கு ஹெச்.சி.1 படிவம் (குறைந்த வருமானக்காரர்கள் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கும் படிவம்). இதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் அல்ல. சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வருமானம் போதவில்லை என்று கண்டால் ஹெச்.சி.2 சான்றிதழ் வரும், இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டுவது நின்றுபோகும். சான்றிதழ் வருவதற்குள் மருந்து வாங்க நேர்ந்தால், பணம் கட்டும்போதே எஃப்.பி.57 என்ற ரசீது கேட்டு வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் தர மாட்டார்கள், அது இல்லாமல் கட்டிய பணம் திரும்பாது.