ஒற்றை நிறமாலைக் கோட்டை நம்பி ஏறாதீர்கள்

பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் கூட்ட நேரத்தில் பெயர்ப்பலகையின் முன்பாதி மறைந்து ‘பாறை’ என்ற வால் மட்டும் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதை நம்பி ஏறுவதில்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் போக வேண்டியவன் வால்பாறை பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணயர்ந்தால், விழிக்கும்போது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இருப்பான். சிறுவயதிலிருந்தே இது தெரிந்த நான், எம்.எஸ்சி. ஆய்வேட்டில் அதே தவறைச் செய்தேன்.

விண்மீன்திரள்களின் செம்பெயர்ச்சியை (பிரபஞ்சம் விரிவதால் அவற்றின் ஒளி அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகரும் அளவை) தலைப்பாக எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக எங்கள் சித்தூர் வட்டத்தில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தமிழ் வழியில் பள்ளி முடித்துவிட்டு, கல்லூரியில் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே திணறுகிறவர்களுக்காக. தொலைநோக்கி இல்லையே என்ற கவலை வேண்டாம். பெரிய விண்ணாய்வுகளின் நிறமாலைகள் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகள்) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பழைய மடிக்கணினியும் கொஞ்சம் பைத்தான் நிரலெழுத்தும் போதும். என் தரவிறக்கமெல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல்தான், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு.

நிறமாலையில் ஒரு கோடு (ஒரு தனிமத்தால் ஒளி கூடியோ குறைந்தோ தெரியும் இடம்) எந்த அலைநீளத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதை அந்தக் கோட்டின் இயல்பான அலைநீளத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி கிடைத்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. அந்தக் கோடு எதனுடையது என்று சொல்வதில்தான் பாடு முழுவதும் இருக்கிறது.

முதலில் ஸ்லோன் விண்ணாய்வில் தொடங்குங்கள். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி எடுத்தவை. பிரகாசமான, அருகிலுள்ள திரள்கள் ஏராளம். ஐம்பது நிறமாலைகளை அச்செடுத்துப் பென்சிலால் குறியுங்கள். 4959, 5007 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஆக்சிஜனின் இரட்டைக் கோடுகள், அவற்றில் இரண்டாவது முதலாவதைப்போல் மூன்று மடங்கு உயரம். பக்கத்தில் 4861-இல் ஹைட்ரஜன். விண்மீன் பிறப்பு அடங்கிப்போன முதிய திரள்களில் கால்சியத்தின் இரண்டு பள்ளங்களும் 4000-இல் ஒரு படியும். இந்த முகங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும். 5577-இல் ஒரு முள் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது நம் வளிமண்டல ஆக்சிஜனின் மிச்சம்.

ஒரு சின்னக் கண்ணி: ஸ்லோன் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை, பாடப்புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் காற்றுக்கானவை. ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டுக்கு 6562.8 என்று போட்டு ஒரு வாரம் வேலை செய்தேன், 6564.6 என்று போட்டிருக்க வேண்டும். என் விடைகள் எல்லாமே 0.0003 அளவுக்கு ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஒரே பக்கம் சாய்ந்த பிழை தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாமல் இதை முதலில் பாருங்கள்.

பிறகுதான் ஆழமான ஆய்வுகள். நான் எடுத்தது டீப்-2. ஹவாயின் கெக் தொலைநோக்கியில் டெய்மோஸ் கருவி கொண்டு, பிரபஞ்சம் இன்றைய வயதில் பாதிகூட ஆகாத காலத்துத் திரள்களைக் குறிவைத்த ஆய்வு. அதன் அட்டவணையில் செம்பெயர்ச்சி ஏற்கெனவே இருக்கும். அந்தப் பத்தியை மறைத்துவிட்டு நீங்களாகக் கண்டுபிடித்து, கடைசியில் ஒப்பிடுங்கள். தரக்குறியீடு 3, 4 உள்ளவை நம்பகமானவை. 2 உள்ளவற்றை முதலில் தொடாதீர்கள்.

அறுபது திரள்களில் ஒன்று என்னை மாட்டிவிட்டது. 8,200 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி ஒரே ஒரு கோடு, வேறெதுவும் இல்லை. என் நிரல் அதை ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு என்று எடுத்துக்கொண்டு செம்பெயர்ச்சி 0.25 என்றது. அட்டவணையில் 1.20. ஒளி கிளம்பி 300 கோடி ஆண்டா, 860 கோடி ஆண்டா என்கிற வித்தியாசம் அது. திரளின் பிரகாசத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 40 மடங்கு மாறும். எப்போது எத்தனை விண்மீன்கள் பிறந்தன என்ற கணக்கும் அதோடு போகும். அட்டவணைதான் தவறு என்று எங்கள் மாஷிடம் போய் நின்றேன். (எங்கள் பக்கம் ஆசிரியர் என்றால் மாஷ்தான்.)

“இந்தப் படத்தை எதற்கு இப்படி வழவழவென்று ஆக்கியிருக்கிறாய்?” என்றார்.

“இரைச்சல் அதிகம் மாஷே. முப்பது பிக்சலுக்குச் சராசரி எடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது.”

“எடுக்காததைக் காட்டு.”

ஒரு பிக்சல் 0.33 ஆங்ஸ்ட்ராம், முப்பது என்றால் பத்து. சராசரியை நீக்கியதும் அந்த ஒற்றைக் கோடு ஆறு ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரண்டு கொம்புகளாகப் பிரிந்தது. 3726, 3729-இல் இருக்கும் ஆக்சிஜன் இரட்டை, 2.2 மடங்கு நீண்டு அங்கே வந்து நின்றிருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே அத்தனை நுண்மையாக எடுத்த நிறமாலையை, அழகுக்காக நான் தேய்த்து அழித்திருக்கிறேன். மாஷ் திட்டவில்லை. “ஹைட்ரஜன் என்றால் பக்கத்தில் நைட்ரஜனையும் கந்தகத்தையும் தேடினாயா?” என்று மட்டும் கேட்டார். தேடவில்லை.

பெரியவர்களும் இப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பது பிறகு எனக்கு ஆறுதல். 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் படங்களில் நிறத்தை மட்டும் வைத்துச் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட ஒரு திரள், நிறமாலை எடுத்ததும் 4.9-க்கு இறங்கிவிட்டது.

வாய்மொழித் தேர்வு வேறு விதமாகப் போனது. நான் விழுந்து விழுந்து படித்த ஹபிள் விதியிலிருந்து (தொலைவு கூடக்கூடத் திரள்கள் வேகமாக விலகும் என்பது) ஒரு கேள்விகூட வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் செம்பெயர்ச்சி வரைபடத்தில் விரலை வைத்தார்.

“1.4-க்கு அப்புறம் ஏன் வெறுமையாக இருக்கிறது?”

“அந்தக் காலத்தில் திரள்கள் குறைவு சார்” என்றேன், யோசிக்காமல்.

“விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது எப்போது?”

செம்பெயர்ச்சி 2-ஐ ஒட்டி. என் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே அதை எழுதியிருந்தேன். பதில் வாய்வரை வந்ததும் என் முதல் பதிலின் லட்சணம் புரிந்தது. சாக்பீஸை நீட்டினார். 1.4-உடன் ஒன்றைக் கூட்டி, 3727-ஐ 2.4-ஆல் பெருக்கினேன்: 8945. டீப்-2 நிறமாலை 9,100 வாக்கில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆக்சிஜன் கோடு படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். புற ஊதாவில் இருக்கும் ஹைட்ரஜன் கோடு உள்ளே வரவும் இன்னும் வெகுதூரம்.

“அப்படியென்றால் திரள்கள் குறைவா?”

“இல்லை சார். கருவிக்குத் தெரியவில்லை.”

தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.